ஒழுங்கையில் சைக்கிள் ஓடலாம், சிக்கல் சந்தியில்தான்

யாழ்ப்பாணத்தில் "சைக்கிள் பாதை வேண்டும்" என்ற பேச்சு வரும்போதெல்லாம் மூன்று பேர் மூன்று விடயத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஒருவருக்கு அது பிரதான வீதியின் கரையில் கோடு கீறிப் பிரித்த ஒரு துண்டு. இன்னொருவருக்கு, பண்ணைக் கடற்கரை மாதிரி சனம் காற்று வாங்க நடக்கிற இடத்தில் சைக்கிளும் உருளலாம் என்ற அனுமதி. மூன்றாமவர் கேட்பது, ஊர் ஒழுங்கைகளை, அந்த ஒடுங்கிய சிறு வீதிகளை, தொடுத்துத் தொடுத்து, ஹயஸ் வானின் ஹோர்ன் சத்தம் காதில் விழாமல் ஒரு காலைப்பொழுதில் நாலு ஊர் பார்த்துவிட்டு வரக்கூடிய ஒரு வழி. மூன்றுக்கும் செலவு வேறு, ஆபத்து வேறு, பொறுப்பான திணைக்களமும் வேறு. இதைப் பிரிக்காமல் பேசுவதால்தான் "காசில்லை" என்ற ஒரே பதிலோடு கதை முடிந்துவிடுகிறது. மூன்றாவதற்குப் பெரிதாகக் காசு தேவையில்லை என்பதை யாரும் கேட்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும்.

## முதலில் சொற்கள்

1. சைக்கிள் தடம். வாகனம் ஓடும் வீதியிலேயே சைக்கிளுக்கென ஒதுக்கிய பகுதி. வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்களுக்கு இது மிக முக்கியம். ஆனால் கேகேஎஸ் (காங்கேசன்துறை) வீதியில் வெறும் கோடு மட்டும் போட்டால் அடுத்த நாள் காலை அதன் மேல் ஓட்டோவும் மரக்கறிக் கூடையும் நிற்கும். தடுப்பு வைத்தால்தான் அது தடம்.

2. பகிர்வுப் பாதை. மோட்டார் வாகனம் வராத, நடப்பவரும் சைக்கிள்காரரும் சேர்ந்து பாவிக்கும் பாதை. பிரித்தானியாவில் இதற்குப் பொதுவாகக் கேட்கும் அகலம் 3 மீற்றர்.

3. அமைதி ஒழுங்கை. வாகனம் வரலாம், ஆனால் குறைவாகவும் மெதுவாகவும் வரும். நடப்பவர், சைக்கிள், மாடு, லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) எல்லாம் ஒரே தரையில். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2000ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் உள்ளூர் அதிகாரசபைகளுக்கு இப்படியான நாட்டுப்புற வீதிகளை அறிவிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. எங்களுக்கு அறிவிப்பு இல்லை, பொருள் மட்டும் எக்கச்சக்கமாகக் கிடக்கிறது.

(ஊர்காவற்றுறையில் நின்று "பாதை எப்ப வரும்?" என்று கேட்டால் அது வேறு கதை. அங்கே பாதை என்பது காரைநகருக்கு வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் மிதவை. அதற்கும் இந்தக் கட்டுரையில் வேலை இருக்கிறது, பின்னால் வருவோம்.)

## இந்த மண் ஏன் சைக்கிளுக்குத் தோதானது

குடாநாடு சுண்ணக்கல் மேடை. மலை இல்லை, ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆறு என்று பெயருக்கு மழைக்காலத்தில் ஓடும் வழுக்கையாறு. அதனால் ஒழுங்கைகள் பள்ளத்தாக்குக்கும் பாலத்துக்கும் கட்டுப்படாமல் எல்லாத் திசைக்கும் பரந்து, வலை மாதிரிப் பின்னிக் கிடக்கின்றன. மலைநாட்டில் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஒரு வீதி இருந்தால் அதிகம். இங்கே கோண்டாவிலிலிருந்து உரும்பிராய்க்கு ஒருவர் ஒரு மாதம் போனாலும் ஒரே வழியால் போகவேண்டியதில்லை.

இந்த வலையை யாரும் சைக்கிளுக்காகத் திட்டமிடவில்லை. தோட்டத்துக்கும் கிணற்றடிக்கும் கோயிலுக்கும் போன கால்தடம் வண்டில் தடமாகி, பிறகு ஒழுங்கையானது. போர்க்கால எரிபொருள் தடை அதை முழுதாகச் சைக்கிளின் கையில் கொடுத்தது. தொண்ணூறுகளில் பெட்ரோல் இல்லாத குடாநாட்டில் நோயாளியும் நெல் மூட்டையும் கல்யாணப் பொம்பிளையும் சைக்கிளில்தான் போனார்கள். 2022 எரிபொருள் நெருக்கடியில் அந்தப் பழக்கம் சில மாதங்களுக்குத் திரும்பி வந்து, கியூஆர் அட்டையோடு பெட்ரோல் கிடைக்கத் தொடங்கியதும் மெல்லக் கரைந்துபோனது.

ஆகவே கேள்வி "புதிதாக எதைக் கட்டுவது" என்பதாக இருக்கத் தேவையில்லை. ஒழுங்கை ஏற்கெனவே இருக்கிறது. அது எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

## அறுகிற இடம்

பட்டணத்திலிருந்து வெளியே போகும் பெரிய வீதிகளை எண்ணிப் பாருங்கள்: மானிப்பாய் வழியாகக் காரைநகருக்கு ஒன்று, கேகேஎஸ் வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, ஏ9 கண்டி வீதி. விரித்த விசிறியின் கம்பிகள் மாதிரி. கம்பிகளுக்கு இடைப்பட்ட பகுதிதான் ஒழுங்கைகளின் உலகம். வெளியே போய்த் திரும்பி வருவதென்றால் ஒரு இடைவெளிக்குள்ளேயே ஓடலாம், பிரச்சினையில்லை. ஆனால் வட்டமாகச் சுற்றிவர நினைத்தால் கம்பிகளைக் குறுக்கே வெட்டாமல் முடியாது.

ஒரு சின்ன உதாரணம். ஆனைக்கோட்டையிலிருந்து கொக்குவில், கோண்டாவில் வழியாக இருபாலைக்குப் போகிறீர்கள். இடையில்:

1. கேகேஎஸ் வீதி
2. புகையிரதப் பாதை
3. பலாலி வீதி
4. கடைசியில் இருபாலையில் பருத்தித்துறை வீதி

மொத்தப் பயணத்தில் இந்த நாலு இடத்தையும் கடக்க எடுக்கும் நேரம் சில நிமிடம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இந்த வழியால் அனுப்பலாமா என்று தாய் முடிவெடுப்பது அந்தச் சில நிமிடத்தை வைத்துத்தான். மிச்ச ஒழுங்கை எவ்வளவு பூவரச நிழலாக இருந்தாலும் கணக்கில் வராது.

பிரதான வீதியைக் கடப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் ஒழுங்கைகள் பெரும்பாலும் நேருக்கு நேர் முட்டுவதில்லை. இந்தப் பக்கத்து ஒழுங்கை வீதியில் ஏறும் இடத்துக்கும், அந்தப் பக்கத்து ஒழுங்கை தொடங்கும் இடத்துக்கும் நாற்பது, ஐம்பது மீற்றர் விலகல் இருக்கும். விலகல் எந்தப் பக்கம் என்பதில்தான் விடயம்.

- எதிர் ஒழுங்கை உங்களுக்கு இடப்பக்கமாக இருந்தால், வீதியில் இடப்பக்கம் ஏறுவது லேசு. ஆனால் சற்றுத் தூரம் போனதும் ஓடுகிற வாகனங்களுக்கு நடுவே வந்து, வலப்பக்கம் திரும்பக் காத்து நிற்கவேண்டும். பின்னால் மினிபஸ், முன்னால் டிப்பர், நடுவில் நீங்கள்.
- எதிர் ஒழுங்கை வலப்பக்கமாக இருந்தால், ஒழுங்கை வாயிலேயே காலை ஊன்றி எவ்வளவு நேரமும் நிற்கலாம். இரண்டு பக்கமும் வெறுமையானதும் ஒரேயடியாகக் கடந்து, அந்தக் கரையில் ஏறி, பிறகு இடப்பக்கம் லேசாக உள்ளே போகலாம். காத்திருப்பு முழுவதும் பாதுகாப்பான இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

திரும்பி வரும்போது இது மாறிவிடுமே என்று தோன்றும். மாறாது. அந்தப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் உங்கள் பழைய ஒழுங்கை வலப்பக்கமாகத்தான் இருக்கும். கடதாசியில் கீறித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் புரியும். அதனால் வழி தெரிவு செய்யும்போது கிட்டத்தைப் பார்க்காமல், வலப்பக்க விலகல் உள்ள ஒழுங்கைச் சோடியைத் தேடிப் பிடித்தால், ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதி ஆபத்து போய்விடும். அப்படிச் சோடி கிடைக்காத இடத்தில் இறங்கி, மஞ்சள் கடவையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதே சரி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புகையிரதக் கடவை இன்னொரு விதம். 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. இடையில் ஒரு தலைமுறையே தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் பார்க்கும் பழக்கமில்லாமல் வளர்ந்தது. ஒழுங்கைகள் தண்டவாளத்தைக் கடக்கும் இடங்களில் பல காவலாளோ தடுப்போ இல்லாதவை. சைக்கிள்காரருக்கு இன்னொரு கவனமும் வேண்டும்: தண்டவாளத்தைச் சரிவாகக் கடந்தால் முன்சில்லு அந்த இடுக்கில் இறங்கிவிடும், நேர்க்குறுக்காகவே கடக்கவேண்டும். மழை ஈரத்தில் இது இரட்டிப்பு உண்மை.

"வெளிநாட்டில் ரயில் பாதையோரமாகச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்களே" என்று சிலர் கேட்பதுண்டு. அங்கே புகழ்பெற்ற பிரிஸ்டல்–பாத் பாதை, ஏறத்தாழ 21 கிலோமீற்றர், ரயில் ஓடுவது நின்றுபோன தடத்தில் 1979க்கும் 1986க்கும் இடையில் தன்னார்வலர்கள் கைகொடுத்துப் போட்டது. எங்களுடையது ஓடுகிற ரயில். இரண்டையும் போட்டுக் குழப்பவேண்டாம்.

## முடக்கும் மதிலும்

ஒழுங்கைக்குள் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, அது முடக்கில், ஒழுங்கை திரும்பும் வளைவில். முன்பு கிடுகு வேலியும் கிளுவை வேலியும் இருந்தன. கிளுவை இலைக்குள்ளால் எதிரே வருபவரின் வெள்ளைச் சேட்டாவது அசைந்து தெரியும். இப்போது ஆளுயர மதில், அதுவும் ஒழுங்கை விளிம்பு வரை. முடக்கில் எதிரே வருவது என்னவென்று தெரிய வழியில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஓடுபவர் ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு விநாடி, தரை காய்ந்து நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மோட்டார் சைக்கிள் நிற்க எடுக்கும் தூரம் ஏறத்தாழ இப்படி:

- 30 கிலோமீற்றர் வேகத்தில் 14 மீற்றர்
- 40இல் 21 மீற்றர்
- 50இல் 30 மீற்றர்

எதிரே 15இல் வரும் சைக்கிளுக்கும் நிற்க ஒரு 7 மீற்றர் வேண்டும். கூட்டினால் 30க்கு 21, 50க்கு 37. மதில் வைத்த முடக்கில் இருவருக்கும் இடையில் 37 மீற்றர் தெரிவது அபூர்வம். அதோடு மோதலின் வலு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், 50இல் வரும் வண்டியின் இயக்க ஆற்றல் 30இல் வருவதைப்போல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. ஊர்மனைக்குள் சட்டம் விடும் உச்ச வேகம் 50 என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்: சட்டப்படி ஓடுகிறவரே ஒழுங்கைக்கு அதிகமான வேகத்தில் ஓடுகிறார்.

இங்கேதான் காபெற், அதாவது வழுவழுப்பான தார்த்தளம், வருகிறது. கிறவல் ஒழுங்கையில் யாரும் 50இல் ஓடுவதில்லை, குலுக்கல் விடாது. அதே ஒழுங்கைக்குக் காபெற் போட்டு அகலமும் கூட்டினால், சந்தி நெரிசலைத் தவிர்க்க நினைக்கும் அத்தனை மோட்டார் சைக்கிளும் அதற்குள் இறங்கும், கூகுள் மப்பும் அதைக் குறுக்குவழியாகக் காட்டத் தொடங்கும். மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில் நடக்கும் குடும்பத்திடம் போய் "கிறவலாகவே இருக்கட்டும், எங்களுக்குச் சைக்கிள் ஓட அழகாக இருக்கிறது" என்று சொல்வது அநியாயம், அதைச் சொல்ல வரவில்லை. தரை நல்லதாக இருக்கட்டும், அகலத்தைக் கூட்டாமல், முடக்கை நிமிர்த்தாமல், முடக்குக்கு முன்னால் வேகத்தடை போட்டுச் செய்யலாம். ஒழுங்கைக்கு ஒடுங்கிய கொங்கிறீற் போதும்.

சரி, ஐரோப்பாவில் செய்வதுபோல் நடுவில் இரண்டு கட்டை நட்டுக் காரை மறித்துவிட்டால் என்ன? அங்கே அது வேலை செய்வதற்குக் காரணம், அங்கே தொல்லை கார். இங்கே ஒழுங்கைக்குள் பறப்பது மோட்டார் சைக்கிள். சைக்கிள் நுழையும் இடைவெளியால் மோட்டார் சைக்கிளும் நுழையும். கார் வராது என்ற தெம்பில் அது இன்னும் வேகமாக வரவும் கூடும். இறக்குமதி செய்த தீர்வுகளில் இது ஒன்றுதான் எங்கள் மண்ணுக்கு அறவே ஒட்டாதது என்பது என் எண்ணம்.

## பகிர்வுப் பாதையில் யார் முதல்?

நடப்பவர் முதல். அவ்வளவுதான் விதி. பின்னாலிருந்து வரும்போது தூரத்திலேயே மணி அடிப்பது, நெருங்கினதும் நடையின் வேகத்துக்கு இறங்குவது. பண்ணையில் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு பிள்ளைகுட்டிகளோடு சனம் நிற்கும்போது அங்கே சைக்கிள் ஓடுவது ஓய்வாகவும் இராது, பாதுகாப்பாகவும் இராது. காலை ஆறு மணிக்கு அதே இடம் வேறு இடம். கோயில் வெளிவீதியில் இறங்கி உருட்டுவது எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத வழக்கம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் சுற்றியுள்ள வீதிகள் மூடப்படும் என்பதால் அந்தப் பக்க வழிகளை அப்போது மறந்துவிடவேண்டும்.

## தாம்போதியும் காற்றும்

குடாநாட்டில் மலை இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கிறது. ஒழுங்கைக்குள் மதிலும் மரமும் மறைப்பதால் தெரியாது, பண்ணைத் தாம்போதியில், கடலைக் குறுக்கறுத்துத் தீவுப் பக்கம் போகும் அந்த வீதியில், ஏறினதும் தெரியும்.

சைக்கிள்காரரைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் விசை, காற்றுக்கும் அவருக்கும் இடையிலான வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். காற்றில்லாத நாளில் 15 கிலோமீற்றரில் ஓடும் ஒருவர், 15 கிலோமீற்றர் எதிர்க்காற்றிலும் அதே வேகத்தில் ஓட நினைத்தால் உடம்பில் படுவது 30. விசை நாலு மடங்கு. அதனால்தான் போகும்போது பறந்தவர் வரும்போது வேலணையில் சோடா குடித்துக்கொண்டு லான்ட்மாஸ்டர்காரரிடம் இடம் கேட்கிறார்.

இதிலிருந்து ஒரு எளிய திட்டம் வருகிறது:

1. சோளகக் காலத்தில், ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை, காற்று தெற்கு, தென்மேற்கிலிருந்து. தீவுப் பக்கம் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது தள்ளும். உடம்பில் பலம் இருக்கும்போதே கஷ்டத்தைத் தீர்த்துவிடுகிறீர்கள், நல்லது.
2. வாடைக் காலத்தில் இது தலைகீழ். பண்ணையைத் தாண்டுவது சொர்க்கம், புங்குடுதீவில் திரும்பும்போதுதான் கணக்குத் தெரியும். அந்த மாதங்களில் தூரத்தைப் பாதியாக்குங்கள்.
3. பக்கக் காற்று மூன்றாவது வகை, பலர் யோசிக்காதது. பருத்தித்துறை வீதியில் வல்லை வெளி இதற்குப் பேர்போனது. காற்று பக்கத்திலிருந்து அடிக்க, ஒரு பஸ் கடந்து அந்தக் காற்றை ஒரு விநாடி மறைத்துவிட்டுப் போனால் சைக்கிள் ஆடும். அங்கே கரையோடு ஒட்டி ஓடாமல் ஆடுவதற்கும் இடம் விட்டு ஓடவேண்டும்.

தீவுப் பக்கத்தில் ஓய்வுக்குச் சிறந்த வட்டம் என்று கேட்டால் நான் சொல்வது இது: பண்ணை, வேலணை, ஊர்காவற்றுறை; அங்கிருந்து முன்னே சொன்ன அந்தப் பாதையில் சைக்கிளோடு ஏறிக் காரைநகர்; பிறகு பொன்னாலைத் தாம்போதி, வட்டுக்கோட்டை, அராலிப் பக்கத்து ஒழுங்கைகள், ஆனைக்கோட்டை. போன வழியால் திரும்பாததால் காற்று முழுநேரமும் பகையாக இராது. தாம்போதிகளில் நிழல் என்பதே கிடையாது, தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், ஒன்பது மணிக்கு முன் பெரும்பகுதியை முடிப்பதுபோல் கிளம்புங்கள்.

தோட்டம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நீர்வேலி, புத்தூர், அச்சுவேலிப் பக்கச் செம்மண் ஒழுங்கைகள். வாழையும் வெங்காயமும் புகையிலையுமாக இருக்கும், நிலாவரைக் கிணற்றடி இளைப்பாற நல்ல இடம். வடமராட்சிக் கிழக்கில் மணற்காடு வரை ஆசைப்படலாம், ஆனால் மணலில் சைக்கிள் ஓடாது, உருட்டத்தான் வேண்டும். எங்கே போனாலும் மெல்லிய ரயர் போட்ட பந்தயச் சைக்கிளைவிட வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கும் பழைய லுமாலா ஒழுங்கைக்குத் தோதானது. அகல ரயர் கல்லையும் குழியையும் தானே வாங்கிக்கொள்ளும், ரியூபுக்கு ஒட்டுப் போடவும் எந்தச் சந்தியிலும் ஆள் இருக்கும்.

நாய்களைப் பற்றி ஒரு வரி. படலைக்குள்ளிருந்து பாய்ந்து வரும் நாய்க்கு வேகமாக மிதித்துத் தப்புவது பெரும்பாலும் அதைக் கூடத் துரத்த வைக்கும். வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் அதற்குச் சுவாரசியம் போய்விடும்.

## வழியை எப்படிக் காட்டுவது

வலை மாதிரி ஒழுங்கை இருப்பதன் மறுபக்கம், வழி தவறுவதும் எளிது. "அ வட்டம், ஆ வட்டம்" என்று பத்து வழிகளுக்குப் பலகை வைத்தால் பலகைதான் மிஞ்சும். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் 1995இல் இதற்கு ஒரு கெட்டிக்காரத் தீர்வு கண்டார்கள். ஹூகோ பொலன் என்ற சுரங்கப் பொறியியலாளரின் யோசனை அது. வழிக்குப் பெயர் வைக்காமல் சந்திக்கு எண் வைப்பது. ஒவ்வொரு சந்தியிலும் அதன் எண்ணும், அடுத்தடுத்த சந்திகளின் எண்ணும் அம்புக்குறியும். சைக்கிள்காரர் 12, 15, 22, 8 என்று ஒரு துண்டில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு கிளம்பலாம். நெதர்லாந்து முழுக்க இன்று இந்த முறை பரவியிருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் நாங்கள் வழி சொல்வதே இப்படித்தான். "ஆலடியில் திரும்பி, வைரவர் கோயிலடியால் போய், புளியடிச் சந்தியில் கேளுங்கோ." சந்தியைத்தான் சொல்கிறோம், வீதிப் பெயரை யார் சொல்கிறார்கள்? குறை என்னவென்றால் ஊருக்கு ஒரு ஆலடி, குறிச்சிக்கு ஒரு பிள்ளையார். எண் அந்தக் குழப்பத்தை மட்டும் தீர்க்கும், பெயரை அகற்றத் தேவையில்லை. மதகுக் கட்டிலோ மின்கம்பத்திலோ வர்ணத்தால் எழுதினாலும் போதும்.

## யார் செய்யவேண்டும்

வீதிகளுக்கு மூன்று அடுக்கு உரிமை. பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, அடுத்தவை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபைக்கு. யாழ் மாவட்டத்தில் மட்டும் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபை, 13 பிரதேச சபை என்று 17 சபைகள். சைக்கிள்காரர் எல்லையைக் கவனிப்பதில்லை, கோப்பு கவனிக்கும். ஆனைக்கோட்டை–இருபாலை வழியை எடுத்தால் ஆனைக்கோட்டை வலிகாமம் தென்மேற்குக்கு, கொக்குவிலும் கோண்டாவிலும் நல்லூருக்கு, இருபாலை வலிகாமம் கிழக்குக்கு. ஆக மூன்று பிரதேச சபை.

எண் எழுதுவதும், முடக்குக்கு முன் வேகத்தடை போடுவதும், மதில் கட்ட அனுமதி கொடுக்கும்போது முடக்கு மூலையைக் கொஞ்சம் சரித்துக் கட்டச் சொல்வதும் இந்த மூன்று சபைகளும் தங்கள் அளவில் பேசி முடிக்கக்கூடியவை. கடக்கும் இடங்கள் மட்டும் அவர்கள் கையில் இல்லை. கேகேஎஸ், பலாலி, பருத்தித்துறை வீதிகளில் மஞ்சள் கடவை கேட்டு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு ஒரு கடிதம், தண்டவாளக் கடவைக்குப் புகையிரதத் திணைக்களத்துக்கு இன்னொன்று. எந்தெந்த ஒழுங்கை வாயில் வலப்பக்க விலகல் இருக்கிறதென்ற வரைபடத்தையும் அந்த முதல் கடிதத்தோடு இணைத்துக் கொடுத்தால், கடவையை எங்கே கீறுவது என்று அவர்கள் தேடவும் வேண்டியிராது.